4.3 கிலோ நாய்க்குக் கருத்தடை அறுவை: ஏற்காட்டில் தொடங்கிச் சேலத்தில் முடிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு ஒன்றில் வளரும் பெண் நாய் இது. வயது 2 ஆண்டு 3 மாதம். ஊரில் பொமரேனியன் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஸ்பிட்ஸ் வகை. தோள் உயரம் 24 செ.மீ. வளர்ப்பவர் அறுபது வயதைக் கடந்த அம்மா. அவருடைய மகள் சேலம் சூரமங்கலத்தில் முதல் மாடி வாடகை வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறார். மாதத்தில் ஓரிரு முறை நாயும் அம்மாவோடு மலையிறங்கி அங்கே தங்கும்.

மே மாதம் நான்காம் வாரம், கோடை விழாக் கூட்டம் ஓயாத நாட்களில், நாய்க்கு மூன்றாவது முறையாகத் தீட்டு வந்தது. தோட்டக் காவலுக்கு இருக்கும் ஆண் நாய்கள் ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குக் குறையாது. பத்து நாளும் அவை வாசலை விட்டு நகரவில்லை. இவ்வளவு சின்ன நாய் பெரிய நாயோடு சேர்ந்தால் குட்டி தாயின் இடுப்புக்கு மீறி வளர்ந்து பிறப்புப் பாதையில் சிக்கும். அப்படிச் சிக்கினால் நடுராத்திரியில் மலையிறங்க வேண்டியிருக்கும். இந்தப் பயத்தில்தான் "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிரலாம்" என்று வீட்டில் முடிவானது.

பயமும் முடிவும் நியாயமானவை. மூன்று பருவம் கடந்துவிட்டதால், முலைக்கட்டியைத் தடுக்கும் பலன் முதல் பருவத்துக்கு முன்பே செய்திருந்தால் கிடைக்கக்கூடிய அளவுக்கு இனிக் கிடைக்காது. ஆனால் கருப்பையில் சீழ் கோக்கும் நோய் வராமல் காக்கும் பலன் எந்த வயதிலும் உண்டு. உயிரைப் பறிக்கும் அந்த நோய்க்குக் கருத்தடை செய்யாத நடுவயது நாய்கள்தான் அதிகம் ஆளாகின்றன.

முதல் வருகை: ஜூலை நடுப்பகுதி

மகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. அதை விட்டால் ஆளில்லை என்று சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு நாயைக் கொண்டுவந்தார்கள். மூன்று வாரமாகவே நாய் படுத்த இடத்தை விட்டு எழுவதில்லை, சோற்றில் பாதியை வைத்துவிடுகிறது, ஒரு பழைய செருப்பைக் குட்டி மாதிரி காலுக்குள் வைத்துக்கொண்டு யாரையும் நெருங்க விடுவதில்லை என்றார் அம்மா. மடி வீங்கியிருந்தது. லேசாக அழுத்தியதும் பால் வந்தது. சினையில்லாமலே சினையான நாயைப்போல் மடி சுரக்கும், தீட்டு முடிந்து ஆறேழு வாரத்தில் வரும் பொய்ச்சினை இது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் எடை 4.1 கிலோ, ஏப்ரலில் தடுப்பூசிக்கு வந்தபோது 4.4. பொய்ச்சினையில் பசி குறையும்தான். மூன்று வாரத்துக்கு இவ்வளவு குறையாது. ஆசனவாய் வழியாகப் பார்த்த வெப்பம் 103.4 டிகிரி பாரன்ஹீட். நாய்க்கு இயல்பு 100.5 முதல் 102.5 வரை. ஈறு சற்று வெளிறியிருந்தது. காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் ஏழு உண்ணிகள் இருந்தன. அடிவயிற்று முடியை ஒதுக்கிப் பார்த்தபோது குண்டூசித் தலை அளவில் நான்கைந்து சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. விரலால் அழுத்தியும் அவை மறையவில்லை. கொசுக்கடித் தடிப்பு அழுத்தினால் வெளிறும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் வெளிறாது.

ரத்தப் பரிசோதனைக் கருவி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 64,000 என்று காட்டியது. இயல்பு ஏறத்தாழ 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை. கருவியின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கவில்லை. ரத்தம் எடுக்கும்போது ஊசி தடுமாறினால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவிக்கு அந்தக் கட்டிகள் கணக்கில் வராது. எனவே கண்ணாடித் தகட்டில் ரத்தப் படலம் இழுத்து, படலத்தின் ஓரத்தில் கட்டிகள் உண்டா என்று முதலில் தேடினார்கள். இல்லை. பிறகு எண்ணெய் இட்டுப் பார்க்கும் பெரிய லென்ஸில் பத்து இடங்களில் எண்ணியதில் சராசரி 4 முதல் 5. ஒரு பார்வைப் புலத்தில் தெரியும் ஒவ்வொரு தட்டணுவையும் 15,000 என்று பெருக்குவது வழக்கம். 60,000க்கும் 75,000க்கும் இடையே வருகிறது. கருவி சொன்னது மெய்தான். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிக்கான துரிதச் சோதனையும் நேர்மறை. உண்ணிக் காய்ச்சல்.

நாய் சுருண்டு கிடந்ததற்குப் பொய்ச்சினையே காரணம் என்று எல்லோரும் நினைத்துவிட்டதால், அதன் பின்னால் காய்ச்சல் மூன்று வாரம் ஒளிந்திருந்தது.

தள்ளிப்போட்ட முடிவு

"பொண்ணுக்கு இந்த வாரந்தான் லீவுங்க டாக்டர். வந்தது வந்தாச்சு, கையோட முடிச்சுக் குடுத்துருங்க" என்றார் அம்மா. மருத்துவர் மறுத்தார். "இப்பப் பண்ணா பால் சுரப்பு நிக்காம இழுக்கும்மா. அதைவிட, ரத்தம் உறையற சக்தி பாதியா இருக்கு. ரெண்டு மாசம் பொறுங்க. லீவு இல்லாட்டியும் ஒரு வழி பண்ணுவோம்."

இரண்டு காரணங்களும் தனித்தனியே போதுமானவை. பொய்ச்சினை நேரத்தில் சினைப்பையை எடுத்தால் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சட்டென்று விழும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஓங்கிவிடும். சில நாய்களுக்கு இந்த நிலை மாதக்கணக்கில் நீடிக்கும். வீங்கிய மடியை ஒட்டித் தையல் போடுவதும் சிரமம்.

ரத்தக் கணக்கு இன்னும் கடுமையானது. நாயின் உடலில் ஒரு கிலோவுக்குச் சுமார் 85 மி.லி. ரத்தம் உண்டு. 4.3 கிலோ நாய்க்கு மொத்தமே 365 மி.லி. பத்தில் ஒரு பங்கு 36 மி.லி.; நன்றாக நனைந்த 10 செ.மீ. காஸ் துணி மூன்று நான்கில் அது அடங்கிவிடும். 25 கிலோ நாய் கண்டுகொள்ளாத கசிவு இந்த உடம்பைத் தள்ளாட வைக்கும். மேலும், எர்லிக்கியா தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதில்லை, இருக்கும் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கிறது. அவசரமில்லாத அறுவையை இந்த நிலையில் செய்ய எந்த நியாயமும் இல்லை.

காத்திருக்கவும் எல்லை இருந்தது. சிறிய நாய்களுக்கு ஐந்தாறு மாதத்திலேயே அடுத்த பருவம் வந்துவிடும். நவம்பரில் மீண்டும் தீட்டு வரலாம். அப்போது கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் தடித்து, கசிவும் கூடும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மலைச்சாலையை நம்ப முடியாது. செப்டம்பர் மூன்றாம், நான்காம் வாரமே பொருத்தம் என்று குறித்தார்கள். அதற்குள் தட்டணு ஏறாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது என்றும் அப்போதே பேசி வைத்தார்கள்.

இடைப்பட்ட பத்து வாரம்

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், கிலோவுக்கு 10 மி.கி. வீதம், 28 நாள். 41 மி.கி. என்று கணக்கு வந்தாலும், 100 மி.கி. மாத்திரையில் பாதி என்பது அளந்து கொடுக்க எளிது. கூடுதலும் பாதகமில்லாத அளவே. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். கொடுத்த பின் 5 மி.லி. தண்ணீரை சிரிஞ்சால் வாயோரம் விட வேண்டும். மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகிப் பிறகு சுருங்கிவிடும்.

ஆறாம் நாள் மகள் போனில் கேட்டபோதுதான் அம்மா மாத்திரையைத் தயிர்ச் சாதத்தில் பொதிந்து கொடுப்பது தெரிந்தது. பால், தயிரில் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துவைத்து, குடல் உறிஞ்சும் அளவைக் குறைத்துவிடும். ஆவியில் வெந்த இட்லித் துண்டுக்கு மாற்றினார்கள். போன ஆறு நாளைக் கணக்கில் சேர்க்காமல், அன்றிலிருந்து 28 நாள் என்று மருத்துவர் நீட்டித்தார்.

உண்ணிக்கு, 2 முதல் 4.5 கிலோ வரையிலான நாய்களுக்கான 112.5 மி.கி. ஃப்ளூராலானர் மெல்லும் மாத்திரை ஒன்று சாப்பாட்டோடு தரப்பட்டது. 12 வாரம் காக்கும். அறுவையும் தையல் பிரிப்பும் அந்த 12 வாரத்துக்குள் அடங்குவதையும் பார்த்துக்கொண்டார்கள். நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் உண்ணி ஒழியாது. பழுப்பு நாய் உண்ணி முட்டையிடுவது நாய் மேல் அல்ல, சுவர் வெடிப்பில். இந்த வீட்டில் விறகடுப்புக்குப் பின்பக்கச் சுவர் வெடிப்பும் நாய் படுக்கும் சாக்கும்தான் அதன் இருப்பிடம். சாக்கை எரித்தார்கள். வெடிப்பைச் சிமெண்டால் பூசினார்கள். படுக்கைக்குப் பழைய போர்வை, வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசல்.

பொய்ச்சினைக்கு மருந்து தரவில்லை. செருப்பை எடுத்துவிட்டு, மடியைத் தொடவோ கறக்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது என்று மட்டும் சொல்லப்பட்டது. பால் வருகிறதா என்று தினம் அழுத்திப் பார்ப்பதே சுரப்பைத் தூண்டும். மூன்றாம் வாரம் மடி வற்றியது.

ஆகஸ்ட் கடைசியில் தட்டணுக்கள் 1.74 லட்சம், காய்ச்சல் இல்லை, எடை 4.3. நாள் கடந்திருந்த வெறிநாய்த் தடுப்பூசி அன்றே போடப்பட்டது. அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும் என்பதற்காக. மருந்து நிறுத்தியும் எண்ணிக்கை நிலைக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. செப்டம்பர் மூன்றாம் வாரம் 2.36 லட்சம். ஹீமோகுளோபின் 13.8, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.7, ஈரல் நொதி இயல்பு. துரிதச் சோதனையை மறுபடி செய்யவில்லை. அது காட்டும் நோய் எதிர்ப்பொருள்கள் நோய் தீர்ந்த பிறகும் பல மாதம் ரத்தத்தில் இருக்கும். சோதனைப் பட்டையில் கோடு தெரிவதை வைத்துத் திரும்பத் திரும்ப மருந்து கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது வீண்.

முந்தைய நாள்

நான்காம் வாரத்தில் நாள் குறித்தார்கள். அதிகாலையில் ஏற்காட்டிலிருந்து புறப்பட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வெறும் வயிற்றோடு இறங்க வேண்டும். வாந்தி, பதற்றம், சர்க்கரைக் குறைவு எல்லாம் சேர்ந்து வரும். அதனால் முந்தைய நாள் மதியமே மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதற்கும் இரண்டு நாள் முன்பே குளிப்பாட்டி, முடியை அடி வரை உலர்த்தியாயிற்று. அடுத்த 14 நாளைக்குக் குளியல் கிடையாது.

சாப்பாட்டு நேரம் தாளில் எழுதித் தரப்பட்டது. இரவு 8 மணிக்கு வழக்கத்தில் பாதி. 11.30க்கு இரண்டு ஸ்பூன் குழைந்த சோறும் கோழிக் கறியும். அதன் பின் திட உணவு இல்லை. தண்ணீர் காலை 6 மணி வரை. அறுவை 7.30க்கு, அன்றைய பட்டியலில் முதலாவது. பெரிய நாய்க்குச் சொல்வதுபோல "ராத்திரி முழுக்கப் பட்டினி" என்று இந்த உடம்புக்குச் சொல்லக் கூடாது. ஈரலில் சேமிப்பு குறைவு. பன்னிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

அறுவை நாள்

காலை 7.10க்கு வந்தார்கள். "ராத்திரிக்குப் பின்னால ஏதாவது வாயில போட்டுச்சுங்களா?" என்று உதவியாளர் கேட்டதும் அம்மா தயங்கினார். "அஞ்சே முக்காலுக்கு டீ குடிக்கையில மூஞ்சியப் பாத்துட்டே நின்னுச்சுங்க. மனசு கேக்கலை. டீயில நனைச்சு ஒரு வர்க்கி குடுத்துட்டனுங்க."

அவர் சொன்னது நாயைக் காப்பாற்றியது. மயக்கத்தில் தொண்டை தளரும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் வரும் நிமோனியா, 4 கிலோ நாய்க்கு அறுவையைவிடப் பெரிய ஆபத்து. கடிந்துகொள்ளாமல், நேரத்தை 12.15க்கு மாற்றினார்கள், ஆறரை மணி நேர இடைவெளி. இப்படிக் கேட்கும்போது கடுமையாகப் பேசினால் அடுத்தவர் மறைப்பார்.

காத்திருந்த நேரத்தில் முன்னங்காலில் மஞ்சள் நிற 24 எண் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டு ரிங்கர் லாக்டேட் திரவம் ஏற்றத் தொடங்கினார்கள். கிலோவுக்கு மணிக்கு 5 மி.லி. என்றால் 21 மி.லி. சாதாரண டிரிப் செட்டில் இது நிமிடத்துக்கு 7 சொட்டு; கண் அசந்தால் இரட்டிப்பாகும். ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு. எண்ணுவதும் எளிது, பிழையும் சிறிது. 11.45க்குக் குளுக்கோமீட்டரில் சர்க்கரை 84. திருப்தி.

நாயை அமைதிப்படுத்தப் பியூட்டார்பனால், மிடசோலம் போட்டுச் சற்று அடங்கிய பின், மேலுதட்டின் உட்புறம் சிறு கீறலிட்டு ரத்தம் நிற்கும் நேரம் பார்த்தார்கள்: 2 நிமிடம் 50 நொடி. நான்கு நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். எர்லிக்கியா வந்து போன நாய்க்கு இந்த மூன்று நிமிடச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது; எண்ணிக்கை சரியாக இருந்தும் தட்டணு வேலை செய்யவில்லை என்றால் இதில்தான் தெரியும்.

மயக்கத்துக்குப் புரோபோஃபால் 1.6 மி.லி. மெதுவாக, மூச்சுக்குழாயில் 4.5 மி.மீ. குழாய், சிறிய உடம்புக்கு ஏற்ற பெயின் (Bain) சுவாசச் சுற்று, மயக்க வாயு ஐசோஃப்ளூரேன். வெட்டும் கோட்டில் மரத்துப்போக லிக்னோகெய்ன் 0.8 மி.லி. கிருமித் தொற்றைத் தடுக்கச் செஃபசோலின் ஒரே ஒரு ஊசி. தொப்புளுக்குக் கீழே 4 செ.மீ. திறப்பு, இரண்டு சினைப்பையும் கருப்பையும் அகற்றப்பட்டன, உள்ளே கரையும் நூல், தோலில் ஐந்து நைலான் தையல். 38 நிமிடம். போன காஸ் பத்து, வந்த காஸ் பத்து. எடை போட்டுப் பார்த்ததில் இழந்த ரத்தம் சுமார் 8 மி.லி. கீழே விழாமல் நின்றிருந்த இரண்டு பால்கோரைப் பற்களையும் இதோடு எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று விட்டார்கள். காரணம் குளிர்.

குளிர்

மயக்கத்துக்கு முன் 101.2 டிகிரி இருந்த உடல் வெப்பம், கடைசித் தையலின்போது 96.6. சிறிய உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். அடிவயிறு மழிக்கப்பட்டிருக்கிறது, ஸ்பிரிட் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுகிறது, வயிறு திறந்திருக்கிறது, மூச்சில் போவதோ குளிர்ந்த வறண்ட வாயு. நடுக்கமும் மயக்கத்தில் அடங்கிவிடுவதால் உடம்பு தானாகச் சூடேற வழியில்லை. வெப்பம் இறங்கினால் ரத்தம் மெதுவாக உறையும். மருந்து மெதுவாகக் கழியும். நாய் விழிக்கத் தாமதமாகும்.

கால்களுக்குக் குழந்தைக் காலுறை மாட்டியிருந்தார்கள். உடம்பைக் காற்றுக்குமிழ் தாளால் சுற்றியிருந்தார்கள். டிரிப் குழாயை வெந்நீர்ப் பைக்கு அடியில் ஓட விட்டிருந்தார்கள். தோலைச் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான குளோர்ஹெக்ஸிடின், கடைசியில் மட்டும் ஸ்பிரிட். இவ்வளவு செய்தும் நாலரை டிகிரி இறங்கியது. முந்தைய நோயாளிக்காக அறையில் ஏ.சி. 22 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. முடி மழித்த பிறகே யாரோ கவனித்து நிறுத்தினார்கள்.

மயக்கம் தெளியும் வரை துண்டில் சுற்றிய இரண்டு வெந்நீர்ப் பைகள் பக்கவாட்டில். தோலை நேரடியாகத் தொடக் கூடாது. மயக்கத்தில் உள்ள நாய் சுட்டாலும் விலகாது, தீப்புண் மூன்று நாள் கழித்துத் தோல் கழன்ற பின்தான் தெரியும். 99.4ஐத் தொட 1 மணி 50 நிமிடம் ஆனது. ஈறு இளஞ்சிவப்பு, அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பியது. மாலை 5 மணிக்குக் கொடுத்த ஒரு ஸ்பூன் உணவு வாந்தியாகாமல் தங்கியது. 7 மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மலையேறவில்லை. வளைவுகளில் கார் சாயும்போதெல்லாம் நாய் வயிற்றுத் தசையை இறுக்கித்தான் நிலைகொள்ளும். புதிதாகத் தைத்த இடம் அந்தத் தசையின் நடுக்கோட்டில்தான் இருக்கிறது.

முதல் நான்கு நாள்

முதல் இரவு 2 மணி வரை நாய் முனகியது. மயக்க மருந்தின் பிதற்றலா, வலியா என்ற குழப்பம் எல்லா வீட்டிலும் வரும். கைவைத்துப் பேசினால் அடங்கி, கை எடுத்தால் தொடங்கினால் பெரும்பாலும் மருந்தின் குழப்பம். முதுகு வளைத்து நிற்பது, படுக்க முயன்று மறுபடி எழுவது, வயிற்றருகே கை வந்தால் திரும்பிப் பார்ப்பது வலி. இங்கே முதலாவது.

வலிக்கு மெலாக்ஸிகாம். அறுவை அன்று ஊசி. பிறகு மூன்று நாள் நாய்களுக்கான, ஒரு மி.லி.யில் 1.5 மி.கி. உள்ள திரவம், நாளுக்கு 0.3 மி.லி., 1 மி.லி. சிரிஞ்சில், சாப்பிட்ட பிறகு. வீட்டில் அம்மாவின் மூட்டுவலிக்கு வாங்கிய 7.5 மி.கி. மெலாக்ஸிகாம் மாத்திரையும் இருந்தது. "அதுல கால்வாசி குடுத்தாப் போதுங்களா?" என்று கேட்டார். கால் மாத்திரையே இந்த நாய்க்கு உரிய அளவைப்போல் நான்கு மடங்குக்கு மேல். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். மனிதர்களின் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதுவும் வேண்டாம் என்று தாளில் தடித்த எழுத்தில் எழுதப்பட்டது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை தரவில்லை. சுத்தமாக நடந்த அறுவைக்குத் தேவையில்லை.

சாப்பாடு, சின்ன வெங்காயமும் பூண்டும் படாத குழைந்த சோறும் கோழியும். வீட்டுக் குழம்பிலிருந்து கறியைக் கழுவிக் கொடுத்தாலும் வெங்காயச் சாறு அதில் ஊறியிருக்கும். அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். முதல் மலம் மூன்றாம் நாள். அது இயல்பு.

தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2 செ.மீ. நீண்டிருந்தது. அதோடு, பிறந்த குழந்தைக்கு வாங்கும் பருத்தி பனியனை வால்பக்கம் பின்னால் முடிச்சிட்டு மாட்டினார்கள். பெண் நாய் உட்கார்ந்து சிறுநீர் கழிப்பதால் பின்புறம் நனையும்; ஈரத் துணி தையலில் ஒட்டியிருந்தால் துணியே இல்லாதது மேல். மூன்று பனியன் மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

ஐந்தாம் நாள்: வீக்கம்

நான்காம் நாளில் நாய் தேறிவிட்டது. கவனம் தளர்வது அப்போதுதான். மகள் வேலைக்குப் போயிருந்தார். சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று கூம்பைக் கழற்றிய அம்மா, கண்ணயர்ந்துவிட்டார். நாய் 45 செ.மீ. உயரக் கட்டிலில் ஏறி இறங்கியது, தோள் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எத்தனை முறை என்று தெரியாது. பனியனைப் புரட்டித் தையலையும் நக்கியது.

மறுநாள் காலை தையல் கோட்டின் பின்பாதியில் 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் மெத்தென்ற வீக்கம். உடனே கொண்டுவந்தார்கள். வெப்பம் 101.6, நன்றாகச் சாப்பிடுகிறது. வீக்கம் சுடவில்லை, சிவக்கவில்லை, அழுத்தினால் நாய் இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்தியதும் உள்ளே போகவும் இல்லை. போயிருந்தால் உள்தையல் விட்டுக் கொழுப்போ குடலோ வந்திருக்கிறது என்று அர்த்தம், அது அன்றே அறுவை அறைக்குப் போக வேண்டிய விஷயம். அல்ட்ராசவுண்டில் தசைக்கோடு தொடர்ச்சியாக இருந்தது. அதற்கு மேல் தெளிந்த திரவம். குதித்ததில் தோலும் தசையும் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து, இடைவெளியில் நீர் கோத்திருக்கிறது. கடைசி நைலான் முடிச்சு தளர்ந்திருந்தது. ஆனால் தோல் விளிம்புகள் ஒட்டிவிட்டன.

ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம் என்று மகள் கேட்டார். மருத்துவர் ஒப்பவில்லை. காரணமான அசைவு நிற்காதவரை எடுத்த நீர் இரண்டே நாளில் மறுபடி கோக்கும். ஊசித் துளை வழியே கிருமி போனால் சுத்தமான நீர் சீழாகும். தளர்ந்த தையலையும் மறுபடி போடவில்லை. அறையின் மூலையில் 60 செ.மீ. உயரப் பலகை இரண்டை நிறுத்தி, ஒரு மீட்டருக்கு முக்கால் மீட்டர் இடம் வளைத்து, தண்ணீரும் படுக்கையும் அதற்குள்ளேயே. வெளியே போவது மூன்று வேளை, கழுத்துக் கயிற்றோடு, ஐந்து நிமிடம். மாடிப்படியில் தூக்கித்தான் இறக்க வேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை புட்டத்துக்கடியில், வயிற்றில் அழுத்தம் படாமல். கூம்பு சாப்பாட்டு நேரத்திலும் இருக்கும். தட்டை ஒரு சொம்பு மேல் உயர்த்தி வைத்ததும் நாய் கூம்போடே சாப்பிட்டது. நாளுக்கு இருமுறை வெதுவெதுப்பான ஒத்தடம்.

எட்டாம் நாள் வீக்கம் பாதி. பன்னிரண்டாம் நாள் விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பு மட்டும்; தையல் பிரித்தார்கள்.

மலை திரும்பிய பின்

பதினான்காம் நாள் வெயில் ஏறிய பிறகு, கூண்டைக் காரின் தரைப்பகுதியில் வைத்து ஏற்காடு போனார்கள். மழித்த அடிவயிற்றுக்கு மலை இரவு தாங்காது. சிமெண்ட் தரையிலிருந்து படுக்கையைப் பலகை மேல் உயர்த்தி, ஒரு மாதம் பனியன் தொடர்ந்தது. அக்டோபர் முதல் வாரம் உண்ணி மாத்திரையின் இரண்டாம் தவணை. ஸ்பிட்ஸ் வகைக்கு மழித்த முடி வளர மாதக்கணக்கில் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் வீட்டார் பதறவில்லை.

ஆறாம் வாரத்தில் எடை 4.6. கருத்தடைக்குப் பின் பசி கூடும், உடம்பு செலவிடும் சக்தி குறையும். சோற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, தோட்டத்துக்கு வருகிறவர்கள் போடும் பிஸ்கட்டையும் நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம் 4.4. தட்டணுக்கள் 2.5 லட்சம்.

மாற்ற வேண்டியவை

சாப்பாட்டு நேரத்தை எழுதிய தாள் மகளின் கைப்பையில் இருந்தது. காலையில் முதலில் எழுந்து டீ போடுகிறவர் அம்மா. அவருக்குப் பெரிய எழுத்தில், அடுப்படிச் சுவரில் ஒட்டும்படி தனியாகத் தந்திருக்க வேண்டும்.

அறுவை அறையின் ஏ.சி.யை 5 கிலோவுக்குக் குறைந்த நாய் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துவது அந்த மருத்துவமனையில் இப்போது வழக்கமாகியிருக்கிறது. சிறிய நாய்களுக்கு அடுத்து வந்த சில அறுவைகளில் வெப்பம் 98க்குக் கீழே போகவில்லை.

மூலைத் தடுப்பு, வீக்கம் வந்த பிறகு போடப்பட்டது. அதை வீட்டில் தயார் செய்த பின்தான் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்; முடிந்தால் அந்தப் பலகைகளின் படத்தைப் போனில் அனுப்பச் சொல்லலாம். கழுத்துக் கூம்பையும் இரண்டு வாரம் முன்பே வாங்கி, தினம் பத்து நிமிடம் மாட்டிச் சாப்பிடப் பழக்கியிருந்தால், நான்காம் நாள் அதைக் கழற்றத் தோன்றியிருக்காது.

ஜூலையில் கேட்ட கேள்விகளிலும் ஒரு குறை. "ஆபரேஷனுக்கா வந்தீங்க?" என்று தொடங்கியதால் பேச்சு தேதியைச் சுற்றியே ஓடியது, எடையைப் பார்த்த பிறகே காய்ச்சலைத் தேடினார்கள். இப்போது கருத்தடைக்கு வரும் எந்த நாய்க்கும் முதலில் எடை, வெப்பம், அடிவயிற்றுத் தோல், காது மடிப்பு. அதன் பிறகே நாள்காட்டி.